வட சென்னை இசைத் தொழிற்கல்லூரி மாணவர்களின் பயிற்சி அறையைத் திறந்துவிடக் கோரி மனு

அனுப்புநர்:
இசை நிகழ்த்துகலைப் பிரிவு மாணவர்களின் பெற்றோர் சார்பாக,
பேண்ட் வாத்தியக் கலைஞர்,
புளியந்தோப்பு, சென்னை.

பெறுநர்:
கல்லூரிக்குப் பொறுப்பான உயர் அலுவலர் அவர்கள்,
சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: கல்லூரியின் தரைத்தள வாத்தியப் பயிற்சி அறைகள் பூட்டியே கிடப்பது – உடனே திறந்துவிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் முன்பு கொடுத்த மனுக்கள், அவற்றின் ஒப்புகைச் சீட்டுகள் (நகல்கள் இணைப்பில்).

வணக்கம். நான் புளியந்தோப்பில் பரம்பரையாக பேண்ட் செட்டில் டிரம்பெட் வாசிப்பவன். என் தகப்பனாரும் இதே வேலைதான். கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா, சாவு, எது வந்தாலும் போவோம். நாங்கள் எல்லாம் காதால் கேட்டு வாசித்தவர்கள். நோட்ஸ் பார்த்து வாசிக்கிற முதல் ஆள் எங்கள் வீட்டில் என் மகன்தான். 2023-ல் தங்கள் பொறுப்பில் உள்ள கல்லூரியில் இசை நிகழ்த்துகலை பி.வோக் என்ற தொழிற்கல்விப் பட்டப் படிப்பில், டிரம்பெட்டை முதன்மை வாத்தியமாக எடுத்துச் சேர்ந்தான். இப்போது இறுதியாண்டு. அவனோடு படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் சொன்னதையும் சேர்த்தே இந்த மனுவைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

1. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பக்கம் எந்த நிலையில் இருந்தது என்பது தாங்கள் அறிந்ததே. கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பினால் வியாசர்பாடிக்கும் புளியந்தோப்புக்கும் போக்குவரத்து என்னவாகும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மழையில் கல்லூரித் தரைத்தளத்திலும் தண்ணீர் புகுந்தது. பயிற்சி அறைகளைப் பூட்டினார்கள். "மின் இணைப்பு பரிசோதனை முடியும் வரை" என்று ஒரு தாளை ஒட்டினார்கள். அந்தத் தாள் இன்னும் கதவில் இருக்கிறது, எழுத்துதான் வெளுத்துவிட்டது.

2. இந்த மனுவில் முக்கியமானது இதுதான். தயவுசெய்து இதை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

டிரம்பெட் உதட்டால் வாசிக்கிற வாத்தியம். விரலுக்கு மூன்று வால்வுதான் வேலை, மீதி எல்லாம் உதடும் மூச்சும். ஒரே சுரத்தை அசையாமல் நீளமாகப் பிடித்து நிற்கிற பயிற்சியைத் தினமும் செய்தால்தான் உதட்டுக்கு வலு நிற்கும். நாலு நாள் விட்டால் மேல் சுரம் கிழியும். மார்கழியில் முகூர்த்தம் இல்லாமல் வேலை குறைந்து, தை பிறந்து முதல் ஊர்வலத்தில் நிற்கும்போது, இத்தனை வருடம் வாசித்த எனக்கே அரை மணி நேரத்தில் வாய் தளர்ந்துவிடும். படிக்கிற பையனுக்கு எப்படி இருக்கும்?

எங்கள் வீடு வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. ஒரே அறை, ஒரு சமையல் மேடை. கீழ் வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருக்கிற பெரியம்மா. பக்கத்து வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண். அறை பூட்டிய புதிதில் ஒரு நாள் காலையில் பையன் வீட்டிலேயே வாசித்தான். பத்து நிமிடத்தில் படிக்கட்டில் ஆட்கள் கூடிவிட்டார்கள், "யார் வீட்ல சாவு?" என்று கேட்டுக்கொண்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் தெருவில் காலை வேளையில் டிரம்பெட் சத்தம் கேட்டால் அப்படித்தான் நினைப்பார்கள். கீழ் வீட்டுப் பெரியம்மா பயந்துபோய் அழுததைக் கேட்ட பிறகு அவன் வீட்டில் வாத்தியத்தைச் சத்தமாக எடுக்கவே இல்லை.

இப்போது எப்படிப் பழகுகிறான் தெரியுமா ஐயா? பீரோவைத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்குள் வாத்தியத்தின் முகப்பைச் செருகிக்கொண்டு வாசிக்கிறான். மற்ற நேரம் மவுத்பீஸை மட்டும் கழற்றி உதட்டில் வைத்து ஊதிக்கொண்டிருக்கிறான். சத்தத்தை அடக்க முகப்பில் செருகுகிற மியூட் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். மியூட் போட்டால் காற்று எதிர்த்து நிற்கும், சுருதி மேலே ஏறும். அதிலேயே பழகினால் திறந்த வாத்தியத்தில் நாதம் வராது என்று அவன் ஆசிரியரே சொல்கிறார். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய காலி இடத்துக்குப் போனால் விரட்டுகிறார்கள். காசிமேடு பக்கம் கடற்கரைக்குப் போனால் உப்புக்காற்றும் மணலும் வால்வில் இறங்கி, வால்வு ஆயில் போட்டாலும் சிக்கிக்கொள்கிறது. ஸ்டுடியோ எடுத்துப் பழகலாம் என்றால் வடபழனிக்கோ கோடம்பாக்கத்துக்கோ போக வேண்டும். அங்கே ஒரு மணி நேர வாடகையும் பஸ் செலவும் சேர்ந்தால் என் ஒரு நாள் பேண்ட் கூலியில் பாதி போய்விடும்.

இது என் பையன் கதை மட்டுமல்ல. டிரம்ஸ் படிக்கிற பையன் தலையணையில் அடித்துப் பழகுகிறான். தலையணையில் குச்சி எகிறாது ஐயா, அதில் பழகிய மணிக்கட்டு நிஜ டிரம்மில் என்ன செய்யும்? கிளாரினெட் படிக்கிற ஒரு பெண் பிள்ளை, மைதானத்துக்கும் போக முடியாமல், வீட்டிலும் வாசிக்க முடியாமல், படிப்பையே விட்டுவிடலாமா என்று தன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அவர் மீன் விற்றுத்தான் அந்தக் கிளாரினெட்டை வாங்கிக் கொடுத்தார்.

3. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, மூடிய அரங்குகள் தவிர வேறெங்கும் வாத்தியம் வாசிக்கக் கூடாது. சரி, அந்த விதியை நாங்கள் மதிக்கிறோம். விதியே மூடிய இடத்துக்குள் வாசி என்கிறது. மூடிய இடம் கல்லூரியில் இருக்கிறது. அதற்குத்தான் பூட்டு.

4. பி.வோக் படிப்புக்கு 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு கொடுத்த நெறிமுறையில் 60 சதவீதம் திறன் பயிற்சி, 40 சதவீதம் பொதுக்கல்வி. அந்த 60 சதவீதத்தை எங்கள் பிள்ளைகள் எங்கே போய்ப் படிப்பது?

5. விமானப்படையில் இசைக்கலைஞர் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். கடற்படையிலும் உண்டு. டிரம்பெட், கிளாரினெட், சாக்ஸபோன் வாசிப்பவர்களைக் கேட்கிறார்கள், நேரில் வாசித்துக் காட்டச் சொல்கிறார்கள். விமானப்படைக்கு 21 வயது வரம்பு. என் மகனுக்கு 20 முடிந்துவிட்டது. மாதச் சம்பளம் என்ற ஒன்றை எங்கள் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை. அவன் போய் வாசித்துக் காட்டுகிற நாளில் உதடு நிற்கவில்லை என்றால், அறையின் பூட்டு காரணம் என்று அங்கே யாரிடம் சொல்வான்? அடுத்த வருடம் திறந்துவிடுகிறோம் என்பது அவனுக்கு உதவாது.

6. இசை தென் சென்னைக்குத்தான், எங்களுக்கு எதற்கு என்று நினைக்கிறார்களோ என்று சில நேரம் சந்தேகமாக இருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனசு பொறுக்காமல் எழுதுகிறேன். முத்துசாமி தீட்சிதர் மணலியில் இருந்த காலத்தில் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்ட் வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குப் பாட்டு வரிகள் எழுதினார், அவைதான் நோட்டுஸ்வரங்கள் என்று என் பையனின் பாடத்திலேயே இருக்கிறது. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலின் கற்றுக்கொண்டதும் மணலி முதலியார் ஆதரவில்தான். தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து வீணை குப்பய்யர் வீட்டில் தங்கி, திரிபுரசுந்தரி அம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். கர்நாடக சங்கீதத்துக்கு வயலின் வந்த வழியே எங்கள் பக்கம்தான். எங்கள் தெருக்களில் இன்றும் பேண்ட் செட்டுகள் இருக்கின்றன, கானா பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இத்தனை இருந்தும் எங்கள் பிள்ளைகளுக்கு நாலு சுவரும் ஒரு கதவும் கொடுக்க மூன்றாவது வருடமாகிறது! மனு கொடுத்தால் கட்டடப் பிரிவைக் கேளுங்கள் என்கிறார்கள். கட்டடப் பிரிவில் மின் பிரிவு சான்று தரவில்லை என்கிறார்கள். மின் பிரிவில் கல்லூரியிலிருந்து கடிதமே வரவில்லை என்கிறார்கள். கல்லூரியில் கேட்டால் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்கிறார்கள். மேலிடம் தாங்கள்தானே ஐயா? தங்கள் மேசைக்கு வந்ததா இல்லையா என்பதைக்கூடவா எங்களுக்குச் சொல்ல முடியாது?

7. உடைந்த சன்னல் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தால் டிரம்ஸின் தோல் மேல் பூஞ்சை படர்ந்திருப்பது தெரிகிறது. கீபோர்டுகள் பெஞ்சு மேல் ஏற்றி வைத்தபடியே கிடக்கின்றன. சுவரில் தண்ணீர் நின்ற கோடு முழங்காலுக்கும் கீழேதான். பெஞ்சு உயரத்துக்குத் தண்ணீர் வரவே இல்லை. நனையாத வாத்தியங்களும் பூட்டி வைத்தே கெட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றை யாராவது ஒரு நாள் வெளியே எடுத்துத் துடைத்திருக்கலாம்.

8. ஏப்ரலில் இறுதியாண்டுத் தனி நிகழ்ச்சித் தேர்வு. நாற்பது நிமிடம் மேடையில் தனியாக நிற்க வேண்டும்.

ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,

அ) மின் பரிசோதனையை இந்த மாதத்துக்குள் முடித்து, தரைத்தளப் பயிற்சி அறைகளைத் திறந்துவிட உத்தரவிட வேண்டுகிறோம்.

ஆ) அதுவரை மேல்மாடிக் கருத்தரங்கக் கூடத்தையாவது காலை 6 முதல் 8 வரையும், வகுப்பு முடிந்தபின் இரவு 8 வரையும் பிள்ளைகள் வாசிக்கத் திறந்துவிட வேண்டுகிறோம். காவலாளி இல்லை என்பது காரணமென்றால், பெற்றோர்களாகிய நாங்கள் முறை வைத்து வந்து உட்காருகிறோம். கூட்டிப் பெருக்கிவிட்டே போவோம். விடியற்காலையில் எழுவது எங்களுக்குப் புதிதல்ல. எங்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் மீன் ஏலத்திலும் பால் வண்டியிலும் நிற்பவர்கள்.

இ) உள்ளே கிடக்கும் வாத்தியங்களை வெளியே எடுக்க அனுமதி தந்தால், பழுது பார்க்கத் தெரிந்த பேண்ட் செட் ஆட்கள் எங்களிடமே இருக்கிறார்கள். கூலி கேட்க மாட்டோம்.

ஈ) இந்த மனுவுக்கு எழுத்துப்பூர்வமாக ஒரு பதில். முடியாது என்றாலும் பரவாயில்லை, காரணத்தை எழுதித் தாருங்கள்.

கோபத்தில் ஏதாவது அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். தங்கள் ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம் இது என்று நம்பித்தான் மறுபடியும் எழுதுகிறோம். புதுக் கட்டடம் வேண்டாம், புது வாத்தியம் வேண்டாம். ஏப்ரலுக்கு முன் அந்த அறையைத் திறந்துவிடுங்கள் ஐயா. திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள் சார்பாக.

இடம்: புளியந்தோப்பு

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகள், அறையின் புகைப்படங்கள், பெற்றோர் கையொப்பத் தாள்.