நொய்யல் கரைக் கிணறுகளைக் காக்கக் கோரி மனு

அனுப்புநர்
நொய்யல் கரை விவசாயக் குடும்பங்கள்,
ஒரத்துப்பாளையம் அணைப் பகுதி.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.

பொருள்: ஆற்றில் சாயக்கழிவு கலப்பதைத் தடுக்கவும், கிணற்று நீரைப் பரிசோதிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பனியன் கம்பெனிகளை மூடச் சொல்லி நாங்கள் வரவில்லை. எங்கள் பிள்ளைகளும் மருமகள்களும் விடியற்காலையில் கம்பெனி வண்டி ஏறித்தான் வேலைக்குப் போகிறார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, கட்டிங், டெய்லர், செக்கிங் எல்லா வேலையும் படுத்தது. வெள்ளாமையும் இல்லாமல், சனிக்கிழமைச் சம்பளமும் இல்லாமல் கிடந்த அந்த மாதங்கள் இன்னொரு முறை வரக்கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. சில வருடங்களிலேயே சாயத்தண்ணி தேங்கும் குட்டையாகிப் போனது. நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. எங்களைக் கெடுத்தது உப்பு. துணியில் சாயம் பிடிக்கப் போடும் அந்த உப்பை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்ப்பதில்லை. மண்ணில் இறங்கி, கிணற்றுக்குள் போய், இன்னமும் அங்கேயே இருக்கிறது. மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு திரும்பிவிடுகிறது. சோளம்கூட முளைத்த மாத்திரத்தில் கருகுகிறது.

கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்ற விதி வந்த பிறகு நிலைமை மேம்பட்டது உண்மை. பொது சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ. முறையில் தண்ணீரை மீட்டு, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக்குகிறார்கள். அதற்குப் பெரும் செலவு ஆகிறது என்பதும் தெரியும். அந்தச் செலவைத் தப்பிக்க, அனுமதியில்லாத சில பட்டறைகள் மழை பெய்யும் ராத்திரியில் ஓடையில் திறந்துவிடுகின்றன. மறுநாள் ஆற்றில் நுரை. ஒழுங்காகச் செலவு செய்யும் பட்டறைக்காரருக்கும் இது அநியாயம். திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர்கள் மிச்சம் பிடிக்கும் பணம் எங்கள் கிணற்றின் கணக்கில் ஏறுகிறது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று நொய்யல் வழக்கில் 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே, மழைக்காலத்தில் ராத்திரியிலும் ஆற்று நீரை மாதிரி எடுக்க உத்தரவிட வேண்டும். அந்த நீரில் உப்பு முதலானவை எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று காட்டும் டி.டி.எஸ். அளவை வாரந்தோறும் ஊராட்சிப் பலகையில் தமிழில் எழுதிப் போட வேண்டும். கரையோரக் கிணறுகளை இலவசமாகப் பரிசோதித்து, லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் உப்பு உள்ள ஊர்களுக்கு ஆற்றுக் குடிநீரைத் தினமும் தர வேண்டும். சுத்திகரிப்பு நிலையங்களில் குவிந்துள்ள கலப்பு உப்பு மழையில் கரைந்து ஓடாதபடி கூரையடியில் வைத்து, அகற்ற நாள் குறிக்க வேண்டும். தவறு செய்த பட்டறையை மூடும்போது, அங்கே கூலிக்கு நின்றவர்களின் சம்பளத்தை முதலாளியிடமே வாங்கித் தர வேண்டும். தவறில் பங்கில்லாத அவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது.

இதற்கு முன் இரண்டு முறை கொடுத்த மனுக்களுக்கு ரசீது மட்டுமே கிடைத்தது. தாங்கள் ஒரு நாள் நேரில் வந்து எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நொய்யல் கரை விவசாயக் குடும்பங்கள்
இணைப்பு: கையொப்பப் பட்டியல், கிணறுகள் உள்ள சர்வே எண்கள்