வளைவுக் கைப்பிடிக்கும் கணக்கு இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பழைய வீடுகள இடிக்கிறத பத்தி போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல படிச்சேன், தூணு கதவு எல்லாம் சொல்லிட்டு மாடிப்படி கைப்பிடிய மட்டும் விட்டுட்டீங்களேன்னு மனசு கேக்கல, அதான் எழுதுறேன். நான் முப்பது வருஷமா மரவேலை பாக்குறவன்.

காரைக்குடியில பழைய சாமான் கடை ஒண்ணுல பர்மா தேக்கு கைப்பிடித் துண்டு ஒண்ணு கிடந்துச்சு, படி திரும்புற எடத்துல முறுக்கிக்கிட்டே மேல ஏறுமே அந்தத் துண்டு, தடவிப் பாத்தா நடுவுல ஒரு ஜாயிண்ட் கூட இல்ல. கூட வந்த பையன் "மரத்த வேகவச்சு வளைச்சாங்களாண்ணே"ன்னு கேட்டான். வளைக்கவே இல்லப்பா, நேர் பலகையில அறுத்து எடுத்தது.

வாழைத்தண்ட சாய்ச்சு வெட்டுனா வில்லை வட்டமா வராம நீள்வட்டமா வரும்ல, அதே கணக்குதான். படி சுத்துற எடத்துல ஒரு உருளை நிக்கிறதா நெனச்சுக்கிட்டு, வளைவோட ரெண்டு முனையிலயும் தொடுகோடு போட்டு படியோட சாய்வ எடுத்து, அந்தச் சாய்வுல உருளைய வெட்டுனா வர்ற நீள்வட்டத்த வரைஞ்சு அச்சு, அதாவது மாதிரித் தகடு, வெட்டிக்கணும். அச்ச பலகையில வச்சு அறுத்துட்டு, முனையில பெவல், அதாவது எவ்வளவு சாய்க்கணுங்கிற கோணம், குறிச்சு, மேல்பக்கம் அச்ச ஒரு திசையிலயும் அடிப்பக்கம் எதிர்த்திசையிலயும் நகர்த்தி கோடு போட்டு செதுக்குனா முறுக்கு வந்துரும். அத சாய்வுல நிறுத்தி பக்கவாட்டுல தூக்குக்குண்டு நூல விட்டா நூலுக்கும் மரத்துக்கும் நடுவுல வெளிச்சம் தெரியக்கூடாது, எந்த எடத்துலயும்!

ஸ்காட்லாந்துல தச்சரா இருந்த பீட்டர் நிக்கல்சன் 1792-லயே தச்சர்களுக்கு வடிவியல் புத்தகம் போட்டவரு, இந்தக் கைப்பிடி வேலைக்காகவே 1814-ல லண்டன்ல அவருக்கு தங்கப் பதக்கம் குடுத்தாங்க.

இப்ப எங்க பாத்தாலும் ஸ்டீல் பைப், இல்லன்னா சின்னச் சின்ன துண்டா வெட்டி ஒட்டி பட்டி பாக்குறது. நானும் ஒரு வீட்டுல அப்படித்தான் செஞ்சேன், மழைக்காலத்துல ஒட்டு விட்டு வீட்டுக்காரம்மா உள்ளங்கையில சிலாம்பு ஏறிருச்சு, அவங்க கூப்பிட்டு காட்டுனப்ப நிமிந்து பாக்க முடியல. அப்புறம்தான் உக்காந்து இந்தக் கணக்க கத்துக்கிட்டேன், மூணு பலகை பாழாகி நாலாவதுதான் சரியா வந்துச்சு.

ஐடிஐ-ல மரவேலை படிக்கிற பசங்களுக்கு காம்பஸ், ஸ்கேல், ஒரு பிளைவுட் ஷீட் இருந்தா போதும், இத சொல்லிக் குடுக்கலாம். உங்க ஞாயிறு மலர்ல அரைப்பக்கம் ஒதுக்குனா படத்தோட வரைஞ்சு அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஒரு மரவேலைக்காரர், சிவகங்கை மாவட்டம்