ஞாயிறு கூட்டம்: கடலும் பிழைப்பும்

அனைவருக்கும் வணக்கம்.

ஜூன் 8 உலகப் பெருங்கடல் நாள். அதற்கு முந்தைய நாள், ஜூன் 7 ஞாயிறு மாலை 4 மணிக்கு நம் சமுதாயக் கூடத்தில் கூட்டம். மீன்பிடிப்பவர் பிழைப்பும் கெடாமல் கடலும் கெடாமல் நாம் என்ன செய்யலாம் என்று பேசப்போகிறோம்.

ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் 2024 அறிக்கைப்படி, உலகக் கடல் மீன்வளங்களில் 37.7 சதவீதம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகின்றன. அதே சமயம், மீன்பிடிப்பையும் அதைச் சார்ந்த வேலைகளையும் நம்பியிருப்பவர்களில் 90 சதவீதம் பேர் சிறு அளவில் தொழில் செய்பவர்கள். எனவே, "பிடிக்காதே" என்று சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது. மீன்பிடித் தடைக்காலத்தில் அடுப்பெரிய வழி சொல்லாமல் தடையை மட்டும் பேசுவதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து.

செய்ய வேண்டியவை:

1. படகு வைத்திருப்பவர்கள் தங்கள் வலையின் கண்ணளவை, அதாவது துளையின் அளவை, எழுதிக்கொண்டு வரவும். சின்னக் கண் வலையில் ஒருமுறைகூட முட்டையிடாத குஞ்சும் சிக்கிவிடுகிறது.
2. கிழிந்த நைலான் வலையைக் கடலில் விடாமல் கூடத்துக்கு எடுத்து வாருங்கள். கைவிட்ட வலை சும்மா இருக்காது. மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டேதான் இருக்கும்.
3. கடல்புல் படுகையில் நங்கூரம் வேண்டாம்.
4. மீன் வாங்குபவர்களே, குஞ்சு மீன் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயரை இங்கே பதிவிடுங்கள். வர இயலாதவர்கள் குரல் பதிவு அனுப்பலாம், தயவுசெய்து 2 நிமிடத்துக்குள்! அப்புறம், வலை ஏற்றிவர வண்டி வேண்டுவோர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.