கோயில் பவனி உங்கள் ‘பிரைடல் என்ட்ரி’ அல்ல: கல்யாண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூருவின் கல்யாண ஏற்பாட்டாளர்களுக்கும் போட்டோ, வீடியோ எடுப்பவர்களுக்கும்,

தமிழ்த் திருப்பலி நடக்கும் கத்தோலிக்கக் கோயில்களில் பாடகர் குழுவிலும் வாசல் பொறுப்பிலும் இருப்பவர்கள் எழுதுகிறோம்.

திருமணச் சடங்குமுறையில், கோயிலுக்குள் நுழையும் பவனிக்கு வரிசை உண்டு. முன்னால் பீடச் சிறுவர்கள் (பூசையில் குருவுக்கு உதவுபவர்கள்), அடுத்து குருவானவர், அவர் பின்னால் மணமகனும் மணமகளும். ஊர் வழக்கப்படி பெற்றோரும் இரண்டு சாட்சிகளும் கூட வரலாம். மாப்பிள்ளை பீடத்தருகே காத்திருக்க, அப்பா பெண்ணைக் கூட்டிவருவது ஆங்கிலேயர் வழியாக வந்து நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். இரண்டில் எது என்று ஒத்திகையன்றே பங்குத்தந்தையிடம் கேட்டுவிடுங்கள். கல்யாணத்தன்று வாசலில் நின்று பேரம் பேசாதீர்கள்.

அப்பாவோடு வருவதானால், பெண் அவருடைய வலக்கையைப் பிடித்து வரட்டும். பீடத்தைப் பார்த்து நிற்கும்போது மாப்பிள்ளை வலப்பக்கம், பெண்வீட்டார் பெஞ்சு இடப்பக்கம். கையைப் பிடித்துக் கொடுத்ததும் அப்பா நேரே இடப்பக்கம் ஒதுங்கலாம். கை மாறினால் அவர் பெண்ணைச் சுற்றித்தான் போக வேண்டும். அவள் பின்னால் தரையில் கிடப்பது மூன்று மீட்டர் முக்காட்டு நெட். அதில் செருப்பு பட்டால், அதைத் தலையில் பிடித்திருக்கும் சீப்போடு கொண்டையும் அவிழும்.

நேரக் கணக்கு எளிது. நடைபாதை 60 அடி என்று வையுங்கள். பட்டுப்புடவையில் எட்டுக்கு ஒன்றேகால் அடி, ஆக 48 எட்டு. எட்டுக்கு ஒரு நொடி வைத்தாலும் ஒரு நிமிடத்துக்குள் பெண் பீடத்தில். முன்னால் போகிறவர் ஐந்து பெஞ்சு தாண்டியதும் அடுத்தவர் கிளம்பினால் வருகைப் பாடலின் இரண்டு சரணத்துக்குள் எல்லாரும் வந்துசேர்வார்கள். நடுவில் கிம்பலோடு (கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி) பின்னோக்கி நடந்துகொண்டே “மேடம், ஒன் மோர்” என்று நீங்கள் நிறுத்தினால் பாட்டு முடிந்துபோகும். கீபோர்டுக்காரர் அதே நான்கு வரியை அரைத்துக்கொண்டிருப்பார். வாசல் ஓரம், மூன்றாவது பெஞ்சின் பக்கவாட்டு, பீடப்படிக்குக் கீழே ஒரு மூலை: இந்த மூன்று இடம் போதும், எல்லா முகமும் கிடைக்கும்.

பாட்டைப் பற்றி ஒன்று. பெண் உள்ளே வரும்போது பலரும் கேட்கும் ‘ஹியர் கம்ஸ் த பிரைடு’ மெட்டு, அதாவது ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ‘பிரைடல் கோரஸ்’, 1850இல் மேடையேறிய ஓபராவில் வருவது. அங்கே கல்யாணம் முடிந்து மணமக்களை அறைக்குள் அழைத்துப்போகும்போதுதான் அதைப் பாடுகிறார்கள்! பல பங்குக் கோயில்களில் அதை ஏற்காததற்குக் குறை சொல்லாதீர்கள்.

கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து வரும் ரோஜா இதழ்கள் வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்தே வரும். மொசைக் தரையில் அது சறுக்குமரம். துணியில் அரைமணி நேரம் பரப்பி உலர்த்துங்கள், நடைபாதையின் இரு ஓரத்தில் மட்டும் தூவுங்கள். சிவப்புத் துணி விரிப்பு வேண்டவே வேண்டாம், ஹீல்ஸ் சிக்கிச் சுருளும். புகை இயந்திரம், குளிர்த்தீப்பொறி பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள்.

நேரம் தவறாதீர்கள். ஒரே கோயிலில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் என்று திருப்பலிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. மேக்கப் இருபது நிமிடம் தாமதமானால் அடுத்த திருப்பலிக்கு வந்தவர்கள் வெயிலில் நிற்பார்கள்.

கடைசியாக, பூக்கூடைக் குழந்தை. நான்கு வயதுக்குக் கீழே என்றால் நடுவழியில் நின்றுவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவை இரண்டாவது பெஞ்சில் நடைபாதை ஓரமாக உட்கார வையுங்கள். அவர் முகத்தைப் பார்த்துக் குழந்தை நடந்து வந்துவிடும். மோதிரத் தலையணையில் டம்மி மோதிரம் போதும். அசல், சாட்சியின் சட்டைப்பையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாடகர் குழுவினரும் வாசல் பொறுப்பாளர்களும்