அம்மிணிக்கு

அம்மிணி,

போன ஞாயிறு வீடியோவில் வந்தபோது உன் கண் ரெண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. கேட்டதற்கு, "லேப் விளக்குப்பா" என்றாய். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. நம் பட்டறைக்காரர் ஒருநாள் கண்ணாடி இல்லாமல் வெல்டிங் வைத்துவிட்டு, ராத்திரி கண்ணுக்குள் மணலைக் கொட்டினாற்போல இருக்குதென்று துடித்தாரே. அதுவும் இதே புற ஊதா வெளிச்சம்தான். கண்ணாடி போட்டுக்கொள். கையுறையும்.

விளக்கால் சிவந்தது ரெண்டு மூணு நாளில் சரியாகிவிடுமாம். வெள்ளிக்கிழமையும் சிவந்துதான் இருந்தது என்று அம்மா சொன்னாள்.

நீ சொன்னதை மில்லுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். பூஞ்சணம் பிடித்த கடலையில் இருக்கிற அஃப்லாடாக்சின் என்கிற நஞ்சு வறுத்தாலும் முழுசாகப் போகாது, புற ஊதா வெளிச்சம் அதை உடைக்கும், ஆனால் வெளிச்சம் பருப்பின் மேலோடு நின்றுவிடும், அதனால் உருட்டி உருட்டிக் காட்ட வேண்டும் என்று. களத்தில் ஆத்தா காலால் கோடு இழுத்துப் புரட்டுவாளே, அதேதான் என்றேன். சிரித்தார்கள். ஐரோப்பாவில் தின்கிற கடலைக்குக் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான் அனுமதி என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. இவ்வளவு படித்து என்ன, அப்பனிடம் பத்து நிமிஷம் பேச நேரமில்லை. சரி, வேலை இருக்கும்.

நீ பத்தாவது படித்த வருஷம், ஐப்பசி மழையில் களத்துக் கடலை நனைந்ததே. முறத்தோடு உட்கார்ந்து, பச்சையாகப் பூத்த பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாகக் குவித்தாய். கொட்டிவிடச் சொன்னாய். கொட்டிவிட்டேன் என்றுதான் உன்னிடம் சொன்னேன். கொட்டவில்லை, அம்மிணி. கடன் நெருக்கியது. ராத்திரியோடு ஆட்டி, எண்ணெயை நல்ல டின்னில் கலந்து விற்றேன். புண்ணாக்கைச் செவலைக்கு வைத்தேன். மாடு தின்றால் பாலிலும் வரும், காய்ச்சினாலும் போகாது என்று போன மாதம் நீ பேச்சுவாக்கில் சொன்னாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பாலை நீயும் தம்பியும்தான் குடித்தீர்கள். இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

இந்த வருஷக் கடலை நன்றாகக் காய்ந்துவிட்டது, காயை ஆட்டினால் கலகலவென்கிறது. தம்பி ரெண்டு கிலோ அனுப்புகிறேன் என்கிறான். கண்ணாடி போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா, வெறும் போன் வேண்டாம்.

அப்பா