நவம்பர் 1: பிள்ளைகளை இருக்கிறபடியே அனுப்பிவையுங்கள்

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
பல்லடம் ஒன்றியம், திருப்பூர் மாவட்டம்.
28.10.2021

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

வருகிற திங்கட்கிழமை, நவம்பர் 1 அன்று பள்ளி திறக்கிறோம். 1 முதல் 8 வரை எல்லா வகுப்பும் உண்டு. கொரோனா வந்தபோது, 2020 மார்ச் மாத நடுவில், "மாசக் கடைசி வரைக்கும் லீவு" என்று சொல்லி அனுப்பினோம். சின்னதுகள் சந்தோஷத்தில் கத்திக்கொண்டே ஓடின. அந்த லீவு 19 மாதத்தைத் தாண்டிவிட்டது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று 2ஆம் வகுப்புப் பதிவேட்டில் பெயர் இருக்கிற பிள்ளை ஒரு நாள்கூட வகுப்பில் உட்கார்ந்ததில்லை. 3ஆம் வகுப்புப் பிள்ளை உட்கார்ந்தது முக்கால் வருஷம்.

இந்த வருஷத்துப் புத்தகம் கொடுத்த அன்று ஒரு பையன் அவன் அப்பத்தாவோடு வந்திருந்தான். 2ஆம் வகுப்பு. "பேரை எழுது சாமி" என்று தாளைக் கொடுத்தேன். நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினான். ஒவ்வோர் எழுத்தையும் அடியிலிருந்து மேலே இழுத்தான், கோலம் போடுகிற மாதிரி. எழுத்து அழகாகவே இருந்தது. படித்துப் பார்த்தால் அது அவன் அப்பாருடைய, அதாவது தாத்தாவுடைய பெயர். அந்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ரேசன் கார்டுல இருக்கறதப் பாத்துத்தானுங் டீச்சர் எழுதிப் பழகுனான். எனக்கு எழுத்துத் தெரியாதுங். மொதல்ல இருக்கறது இவன் பேருதான்னு நெனச்சுப்போட்டனுங்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அந்தத் தாளை மட்டும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி, வீட்டில் கிடைத்த தமிழை வைத்துக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறார். அந்தச் சமயத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்று யோசித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கல்வித் தொலைக்காட்சியில் எந்த வகுப்புக்கு எத்தனை மணிக்குப் பாடம் என்று அட்டவணை எழுதி கேட்டில் ஒட்டினோம். வாட்ஸ்அப் குழு தொடங்கி வீட்டுப்பாடம் அனுப்பினோம். வேலை முடிந்தது என்று சில நாள் நானும் நினைத்தேன். ஆசிரியர்கள் வீடு வீடாகப் போன பிறகுதான் தெரிந்தது, பாதி வீட்டில் போன் ஒன்றுதான், அதுவும் காலையில் அப்பாவோடு கம்பெனிக்குப் போய்விடுகிறது. இரவு ஒன்பதரை மணிக்கு "மிஸ், இப்பத்தான் போன் வந்துச்சு, எழுதிட்டேன் மிஸ்" என்று தூக்கக் குரலில் வாய்ஸ் மெசேஜ் வரும். ரீசார்ஜ் தீர்ந்த வீட்டிலிருந்து அதுவும் வராது.

அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றும் தெரியாமல் போனால் டீச்சர் திட்டுவார்கள் என்று இந்த நாலு நாளில் உட்காரவைத்து உருப்போட வைக்காதீர்கள். "நாலாவது படிக்கிற, வாய்ப்பாடு தெரியாதா?" என்று மாமா சித்தப்பா முன்னால் கேட்காதீர்கள். தெரியாதுதான். நானே இரண்டு மாதம் மேடையேறாமல் இருந்தால் மைக்கைப் பிடிக்கத் தயங்குவேன். முதல் இரண்டு வாரம் எங்கள் பள்ளியில் பாடமே கிடையாது. கதை, பாட்டு, படம் வரைவது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பெயர் தெரிந்துகொள்வது, இவ்வளவுதான். அதற்கப்புறம் புத்தாக்கப் பயிற்சி என்று, விட்டுப்போன வகுப்புகளின் அடிப்படையைத் திரும்பச் சொல்லிக்கொடுப்போம். இந்த வருஷப் பாடம் அதற்கும் பின்னால்தான். பக்கத்துத் தனியார் பள்ளியில் மூன்றாவது பாடம் ஓடுகிறதாமே என்று யாராவது சொன்னால், ஓடட்டும்.

தனியார் பள்ளியிலிருந்து இந்த இரண்டு வருஷத்தில் நம்மிடம் வந்த பிள்ளைகள் நிறையப் பேர். ஃபீஸ் பாக்கியால் டி.சி. கிடைக்கவில்லை என்று இன்னும் வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் சிலர் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். டி.சி. இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்வோம். வெட்கப்படாமல் வாருங்கள்.

ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் அறைக்கு 20 பிள்ளைகள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். எந்தப் பிள்ளைக்கு எந்த நாள் என்று வகுப்பாசிரியர் சொல்வார். முகக்கவசம் போட்டு, இன்னொன்றைப் பையிலும் வைத்து அனுப்புங்கள், மத்தியானத்துக்குள் ஒன்று மண்ணாகிவிடும். சத்துணவு திரும்பவும் சமைத்தே போடுகிறோம். அரிசி, பருப்பு, முட்டை என்று பையில் வாங்கிப்போன காலம் முடிந்தது. தட்டும் தண்ணீர் பாட்டிலும் வீட்டிலிருந்து வரட்டும். இருமல், காய்ச்சல் என்றால் அனுப்ப வேண்டாம். வருகை கட்டாயம் இல்லை என்று அரசே சொல்லியிருக்கிறது, பெயரை அடித்துவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். எங்கள் ஆசிரியர்கள், சமையலம்மா, ஆயா எல்லோரும் இரண்டு தவணை தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. 18 வயதுக்குக் கீழே இன்னும் ஊசி வரவில்லை. ஆகவே வீட்டில் பெரியவர்கள் யாராவது போடாமல் இருந்தால், செப்டம்பரிலிருந்து நடக்கிற மெகா முகாம்களில் ஒன்றில் போட்டுக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பயந்தவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது. இந்த மே மாதம் இருகூரில் கொரோனா தேவிக்கும் சிலை வைத்தார்கள். பயம் நம் ஜனங்களுக்குப் பழசு. கும்பிடுவதைக் கும்பிட்டுவிட்டு ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

மே, ஜூன் மாதங்களை நினைத்தால் எழுதக் கை வரவில்லை. கோவை, திருப்பூர் பக்கம் ஆக்சிஜன் படுக்கைக்கு மக்கள் அலைந்தது எல்லோருக்கும் தெரியும். நம் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளிலும் சாவு விழுந்திருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தது சிலரைத்தான். எங்களுக்குத் தெரியவராத வீட்டுக்காரர்கள் தயவுசெய்து என்னிடம் தனியாக வந்து சொல்லுங்கள். காரணம் இதுதான்: ஒரு நாளைக்கு இருபது தடவையாவது நாங்கள் சொல்கிற வாக்கியம், "நாளைக்கு உங்கப்பாவக் கூட்டிட்டு வா" என்பது. பென்சிலை உடைத்தாலும் அதுதான், சண்டை போட்டாலும் அதுதான். அப்பா இல்லாத பிள்ளையிடம் எங்களில் ஒருவர் அதைச் சொல்லிவிடக் கூடாது. "வீட்ல இருந்து யாரையாவது" என்று சொல்லப் பழகச் சொல்லி ஆசிரியர்களிடம் பேசியிருக்கிறேன். எனக்கே இன்னும் வாயில் வரவில்லை. கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சமும், ஒருவரை இழந்த பிள்ளைக்கு 3 லட்சமும் அரசு அறிவித்திருக்கிறது. விண்ணப்பம் போடாதவர்கள் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நானே கூட வருகிறேன்.

இனி எழுதப்போவதை 7, 8ஆம் வகுப்புப் பெற்றோர்கள் கோபப்படாமல் படிக்க வேண்டும்.

நம் பையன்கள் சிலர் பனியன் கம்பெனியில் துணியின் நூல் பிசிறு வெட்டுகிறார்கள், துணி மடித்துக் கொடுக்கிறார்கள். சிலர் விசைத்தறிக் குடோனில் இருக்கிறார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். போன வாரம் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டேன். "தீவாளி போனஸ் வாங்கிட்டு நின்னுக்கட்டுமுங் டீச்சர், ஒரு வாரந்தானுங்" என்றார் அம்மா. எனக்குப் பதில் வரவில்லை. ஊரடங்கில் தறி நின்று, இரண்டு மாதம் கந்துவட்டிக்குக் கடன் வாங்கிச் சாப்பிட்ட வீடு அது. அந்த போனஸில்தான் தங்கச்சிக்குத் துணி எடுக்க வேண்டும். பையன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். விரல் நுனியெல்லாம் கத்தரி பிடித்துக் காய்த்திருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது குற்றம், குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன் போதும், இதெல்லாம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மிரட்டி அழைத்து வந்த பிள்ளை பத்து நாளில் திரும்பப் போய்விடுகிறது. 22 வருஷ சர்வீஸில் அதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஆகையால் முதலில் உங்களிடம் கேட்கிறேன். போனஸ் வாங்கட்டும். தீபாவளி வியாழக்கிழமை. அது முடிந்து அடுத்த திங்கள், நவம்பர் 8, அவன் இங்கே இருக்க வேண்டும். கம்பெனிக்காரரிடம் நான் பேச வேண்டுமென்றால் பேசுகிறேன். பெண் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் இந்தப் பொறுமை என்னிடம் இல்லை. "நல்ல எடம் வந்துச்சுங்" என்று 13 வயசுக்காரிக்குப் பேச்சு எடுத்தால் அன்றைக்கே போன் போய்விடும். முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

மற்றவர்களும் கேட்கிறீர்கள், "தீவாளி முடிஞ்சே அனுப்பலாங்களா?" என்று. அனுப்பலாம். ஆனால் தீபாவளிக்கு முந்தின மூன்று நாளில் தங்கள் முறை வருகிற நாளில் வந்து போனால், பள்ளிக்கூடம் என்றால் என்ன என்று சின்னதுகளுக்கு ஒரு வாசனையாவது பிடிபடும். 1ஆம், 2ஆம் வகுப்புப் பெற்றோர்கள் முதல் நாள் அரை மணி நேரம் கூடவே இருக்கலாம், மரத்தடியில் பெஞ்சு போட்டிருக்கிறோம். அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு ஓடாதீர்கள்.

இன்னொன்று. மரக்காணம் பக்கத்தில் நேற்று முதலமைச்சர் "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சாயங்காலத்தில் தெருவிலேயே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிற திட்டம். பிளஸ் டூ முடித்தவர்கள் 5ஆம் வகுப்பு வரைக்கும், பட்டம் படித்தவர்கள் 6 முதல் 8 வரைக்கும் தன்னார்வலராக இருக்கலாம். கல்யாணமாகி வந்து, படித்த படிப்பைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிற மருமகள்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். மாமியார்களுக்கு என் வேண்டுகோள்: பெயர் கொடுக்க விடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: இந்த வருஷப் புத்தகத்தில் ஆறு கட்டு இன்னும் யாரும் வாங்காமல் என் அறையில் இருக்கிறது. ஆறும் 8ஆம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வருகிறார், நானும் காலையிலிருந்து இருப்பேன். வேலைக்குப் போகிற பையன்கள் அன்றைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்டால் போதும், வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்.