செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

அவைத் தலைவர் அவர்களுக்கும், பாகூர் ஏரிப் பாசன விவசாயிகளுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். நான் வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. தென்பெண்ணை ஆறு கரை மீறி, கடலூரையும் நம் பாகூர் கொம்யூனையும் ஒருசேர மூழ்கடித்தது. ஆற்றோர வயல்களில் நட்ட பயிர் மேல் மணல் ஏறிக் கிடந்ததையும், மோட்டார் கொட்டகைகள் சேற்றில் புதைந்ததையும் எல்லோரும் பார்த்தோம்.

ஆறு பிறப்பது கர்நாடகத்து நந்தி மலையில், அணை தமிழ்நாட்டில், சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அந்தத் தண்ணீரை வாங்கும் நம் ஏரி புதுச்சேரியில். கோடையில் பங்கு கேட்கிறோம், சரி. மழைக்காலத்தில் தகவல் கேட்பதும் நம் உரிமைதான். இதை வைத்தே இந்த ஆண்டின் கருத்தரங்குகளை நடத்தினோம்.

காவிரியில் உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு காரைக்காலுக்கும் சேர்த்து புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று எழுதிவைத்தது. கர்நாடக–தமிழ்நாடு எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தண்ணீரை அளக்கிறார்கள். கண்காணிக்க ஆணையம் இருக்கிறது. சண்டை தீரவில்லை என்றாலும் பேச ஓர் இடம் கிடைத்தது. தென்பெண்ணைக்கு 1892ஆம் ஆண்டு சென்னை–மைசூர் ஒப்பந்தம் உண்டு. ஆனால் அதன் துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய யார்கோல் அணையை எதிர்த்துத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் போட்ட இடைக்கால மனு 2019இல் தள்ளுபடியானது. நிலையான அமைப்பு இல்லாத ஒப்பந்தம் ஏட்டோடு நின்றுவிடுகிறது என்பதே என் உறுதியான கருத்து.

மீகாங் நதியில் 1995இல் கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகள் கூட்டு ஆணையம் அமைத்தன. அதில் சேராத சீனாகூட 2002இலிருந்து வெள்ளக்கால நீர்மட்டத் தகவலைத் தருகிறது. நாடுகளுக்குள் முடிவது நம் மாநிலங்களுக்குள் முடியாதா? கங்கை நீருக்காக இந்தியாவும் வங்கதேசமும் 1996இல் செய்த 30 ஆண்டு உடன்படிக்கை 2026 டிசம்பரில் முடிகிறது. அதையும் கவனித்து வருவோம்.

வரும் ஆண்டுக்கு: சாத்தனூர் திறப்பு அறிவிப்பு அதே நேரத்தில் பாகூருக்கும் வர வேண்டும் என இரு அரசுகளுக்கும் மனு, சொர்ணாவூர்ப் பக்கத்து விவசாயிகளோடு கூட்டுக் கூட்டம், பருவமழைக்கு முன் பங்காரு வாய்க்கால் தூர்வாரக் கோரிக்கை. இவற்றைப் பேரவை தீர்மானமாக ஏற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.